மாட்டுக்குப் பல் பார்ப்பது போல டிபரன்சியலுக்கும் பல் பாருங்கள்

உழவு மாடு வாங்கச் சந்தைக்குப் போகிறவர் முதலில் மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். சுழி பார்க்கிறார். நடக்கவிட்டுப் பார்க்கிறார். அதன் பிறகுதான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். அதே விவசாயி தம் பழைய பிக்கப் வண்டிக்குப் பின் டிபரன்சியல் வாங்கப் போனால், "இது அதே வண்டியுடையதுதானே?" என்று ஒரு கேள்வி கேட்கிறார்; கடைக்காரர் தலையசைத்ததும் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுகிறார். டிபரன்சியலுக்கும் பல் உண்டு. அதையும் எண்ணிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கீழ்ப்பழனி மலைப்பகுதியில் பீன்ஸ் பயிரிடும் விவசாயி ஒருவர் சென்ற ஆண்டு தொலைபேசியில் பேசினார். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் ஏற்றிச் செல்லும் அவருடைய பழைய பிக்கப்பின் டிபரன்சியல் உடைந்துவிட்டது. புதிது உடனே கிடைக்கவில்லை. பழைய சாமான் கடையில் அதே பெயருள்ள வண்டியின் டிபரன்சியல் ஒன்று இருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டார். நான் பயிரைப் பற்றிப் பேசுகிறவன். வண்டி என் துறையன்று. இருந்தும், "காய் முற்றிக்கொண்டிருக்கிறதே, அதே வண்டி என்றால் வாங்கிப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டேன்.

வாங்கிய டிபரன்சியல் போல்ட்டுக்குப் போல்ட்டு சரியாகப் பொருந்தியது. காயோடு மலையிறங்கும்போது, வழக்கமான கியரிலேயே வண்டி பிடிமானமின்றி ஓடுவதையும், பிரேக்கை அடிக்கடி மிதிக்க வேண்டியிருப்பதையும் அவர் கவனித்தார். திரும்பும்போது தொழு உரம் ஏற்றிக்கொண்டு மலையேறினார். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி நின்றுவிட்டது. கிளட்ச் தட்டு கருகிவிட்டது. வண்டி மறுபடி ஓட ஆறு நாட்கள் ஆயின. அதற்குள் காட்டிலிருந்த பீன்ஸ் நார் பிடித்து விதை கட்டிவிட்டது.

பட்டறையில் பல்லை எண்ணிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. உடைந்துபோன டிபரன்சியலில் பெரிய பற்சக்கரத்துக்கு 41 பல், சிறியதற்கு 8 பல். வாங்கிப் போட்டதிலோ 41க்கு 10. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் வேறுபாடே தெரியவில்லை. அவருக்கு நேர்ந்த நட்டத்தில் என் பேச்சுக்கும் பங்கு உண்டு. அதன் பிறகு அனுபவமிக்க மெக்கானிக்குகளிடமும் வேளாண் பொறியியல் துறை நண்பர்களிடமும் கேட்டறிந்தவற்றை மற்ற விவசாயிகளுக்குப் பயன்படட்டும் என்று இங்கே தருகிறேன்.

டிபரன்சியல் செய்யும் வேலை

மாட்டு வண்டியில் இரண்டு சக்கரங்களும் இருசில் தனித்தனியே சுழல்கின்றன. வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிகச் சுற்றும், உள்பக்கச் சக்கரம் குறைவான சுற்றும் சுழன்று கொள்ளும். இழுப்பது மாடு என்பதால் அங்கே சிக்கல் இல்லை. பிக்கப் வண்டியிலோ பின் சக்கரங்களையே எஞ்சின் சுழற்ற வேண்டும். அதே சமயம் வளைவில் அவை வெவ்வேறு வேகத்தில் சுழலவும் வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் செய்வதுதான் டிபரன்சியல்.

கியர் பெட்டியிலிருந்து வரும் புரொப்பல்லர் தண்டின் முனையில் உள்ள சிறிய பற்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய பற்சக்கரம் கிரௌன். கிரௌனோடு சேர்ந்து சுழலும் கூட்டுக்குள்ளே சிறிய ஸ்டார் பினியன்களும், இரு பக்க ஆக்சில் தண்டுகளைப் பிடித்திருக்கும் பற்சக்கரங்களும் உள்ளன. இவை நுகத்தடியைப் போன்றவை. எஞ்சினின் விசையை இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பகிர்ந்து தருகின்றன. ஒரு மாடு படுத்துவிட்டால் மற்ற மாட்டால் வண்டி நகராதது போல, ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கிச் சுழன்றால் மறு சக்கரத்துக்கும் இழுவை கிடைப்பதில்லை. பின்னால் சொல்லப்போகும் ஒரு செய்திக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளவும்.

உடைந்தது டிபரன்சியல்தானா?

பின்பக்கம் சத்தம் கேட்டவுடன் "டிபரன்சியல் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செலவு குறைந்த சாமான்கள் பழுதானாலும் இதே போன்ற சத்தம் வரும். கீழ்க்கண்டவாறு சோதித்துப் பார்க்கலாம்.

ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது ஊளைச் சத்தம் எழுந்து, காலை எடுத்தவுடன் அது மாறினால் கிரௌன் பினியனோ பினியன் பேரிங்கோ தேய்ந்திருக்கலாம். நேராகப் போகும்போது அமைதியாகவும் வளைவில் மட்டும் கடகடவென்றும் இருந்தால் ஸ்டார் பினியன்களைப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலேட்டர் எப்படி இருந்தாலும் ஒரே சீராக இரைந்து, வண்டி ஒரு பக்கம் சாயும்போது மட்டும் சத்தம் கூடிக் குறைந்தால் அது பெரும்பாலும் சக்கர பேரிங். சாலையின் தன்மைக்கு ஏற்பச் சத்தம் மாறினால் டயரைக் கவனிக்க வேண்டும்.

கிளட்சை விட்டவுடன் "டொக்" என்று ஒரு அடி விழுந்தால் முதலில் புரொப்பல்லர் தண்டின் ஜாயிண்ட் கிராஸைப் பாருங்கள். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, ஜாயிண்டின் இரு பக்கமும் கையால் பிடித்து எதிரெதிராகத் திருகினால் ஆட்டம் தெரியும். இதை மாற்றும் செலவு டிபரன்சியல் விலையில் சிறு பங்குதான்.

கியரில் போட்டும் வண்டி நகரவில்லை, ஆனால் புரொப்பல்லர் தண்டு சுழல்கிறது என்றால் உள்ளே ஏதோ முறிந்திருக்கிறது. அப்போதும் முதலில் இரு பக்க ஆக்சில் தண்டுகளையும் உருவிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்து ஆக்சில் முறிந்தாலே வண்டி நகராது. நுகத்தடிக் கணக்கு இங்கேயும் பொருந்தும். ஆக்சிலை மட்டும் மாற்றிச் சரி செய்யக்கூடிய வண்டிக்கு முழு டிபரன்சியல் வாங்குவது வீண் செலவு.

எதை மாற்ற வேண்டும்?

டிபரன்சியல்தான் பழுது என்று உறுதியானால், ஆயிலை வடித்து, பிரித்துப் பார்த்த பிறகே எதை மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். பேரிங் மட்டும் தேய்ந்து, பற்கள் சீராக இருந்தால் பேரிங்கும் ஆயில் சீலும் போதும். ஸ்டார் பினியன்கள் மட்டும் கெட்டிருந்தால் அவற்றைச் செட்டாக மாற்றலாம்.

கிரௌனிலோ பினியனிலோ ஒரு பல் உடைந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். இவை ஆலையில் ஒன்றோடொன்று தேய்த்துப் பழக்கி இணையாக்கப்பட்டவை. சேர்ந்து பழகிய ஜோடி மாட்டைப் போன்றவை. ஒரு வண்டியின் கிரௌனையும் வேறொரு வண்டியின் பினியனையும் சேர்த்தால் சில நாட்களிலேயே ஊளைச் சத்தம் தொடங்கி, பல் தின்றுவிடும். பெரும்பாலான செட்டுகளில் இரண்டிலும் ஒரே ஜோடி எண் பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண்கள் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்கவும்.

கூடும் கெட்டு, பற்களும் போயிருந்தால் முழு டிபரன்சியலாக வாங்குவதே நல்லது. சில வண்டிகளில் ஆக்சில் தண்டுகளை உருவிவிட்டால் டிபரன்சியல் முன்பக்கமாக ஒரே தொகுப்பாகக் கழன்று வரும். நல்ல நிலையில் உள்ள பழைய தொகுப்பை அப்படியே மாற்றிப் போட இது எளிது. வேறு சில வண்டிகளில் பின்மூடியைத் திறந்து, ஆக்சில் கூட்டுக்குள்ளேயே ஒவ்வொன்றாகப் பொருத்தி அளவு பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது வகைக்குத் தேர்ந்த மெக்கானிக் அவசியம் தேவை.

பல் கணக்கு

கிரௌனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதே பல் விகிதம். 41ஐ 8ஆல் வகுத்தால் ஏறக்குறைய 5.12. அதாவது புரொப்பல்லர் தண்டு 5 சுற்றுக்குச் சற்று மேல் சுழன்றால் சக்கரம் ஒரு சுற்று சுழலும். 41க்கு 9 என்றால் 4.55, 41க்கு 10 என்றால் 4.1.

விகிதம் கூடினால் இழுவை கூடும், வேகம் குறையும். விகிதம் குறைந்தால் வேகம் கூடும், இழுவை குறையும். 5.12 இருந்த இடத்தில் 4.1ஐப் போட்டால் ஒவ்வொரு கியரிலும் இழுவையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. சமவெளியில் காலி வண்டி ஓட்டும்போது இது தெரியாது. வண்டி விரைவாக ஓடுகிறதே என்று மகிழ்ச்சியாகக்கூட இருக்கும். மேட்டில் பாரத்தோடு ஏறும்போதுதான் எஞ்சின் திணறும், கிளட்ச் கருகும். இறக்கத்திலோ எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்தும் சக்தியும் அதே அளவு குறைந்து பிரேக் சூடேறும். மலைப்பாதையில் இது உயிருக்கே ஆபத்து.

மேலும், வேகங்காட்டி கியர் பெட்டியிலிருந்து ஓடும் வண்டிகளில் முள் தவறாகக் காட்டும். மேலே சொன்ன மாற்றத்தில், முள் 40 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்.

ஒரே பெயரில் விற்ற வண்டிகளிலும் ஆண்டுக்கு ஆண்டு, வகைக்கு வகை இந்த விகிதம் மாறியிருக்கக் கூடும். ஆகவே வண்டியின் பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

பிரிக்காமல் கணக்கிடும் முறை

பற்கள் உடையாமல், சத்தம் மட்டும் வரும் வண்டியில் விகிதத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடவும். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கல் வைக்கவும். கியரை நியூட்ரலில் வைத்து, கை பிரேக்கை விடுவிக்கவும். பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியால் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் உறுதியான தாங்கி கொடுக்கவும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

தூக்கிய டயரிலும் புரொப்பல்லர் தண்டிலும் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். சக்கரத்தை மெதுவாக 20 சுற்று சுழற்றுங்கள். இன்னொருவர் தண்டின் சுற்றுகளை எண்ணட்டும். மறு சக்கரம் தரையில் நிற்பதால் சக்கரத்தின் 20 சுற்று கிரௌனின் 10 சுற்றுக்குச் சமம். தண்டு 51 சுற்றுக்குச் சற்று மேல் சுழன்றால் விகிதம் 5.12; 45 சுற்றரை என்றால் 4.55, 41 சுற்று என்றால் 4.1. பல் உடைந்த வண்டியில் இந்த முறை சரிவராது. பிரித்த பிறகு பற்களையே எண்ண வேண்டும். உடைந்துபோன பல்லையும் அதன் அடித்தடத்தைக் கொண்டு சேர்த்து எண்ணவும்.

பழைய சாமான் கடையில்

உற்பத்தி நின்றுபோன வண்டிகளுக்குப் புது டிபரன்சியல் கிடைப்பது அரிது. சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் போன்ற இடங்கள் பழைய வண்டிச் சாமான்களுக்குப் பெயர் பெற்றவை. அங்கே போகும் முன் பின்வருவனவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

1. வண்டியின் வகை, தயாரிப்பு ஆண்டு, சேசிஸ் எண்.
2. கிரௌன், பினியன் பல் எண்ணிக்கை.
3. புரொப்பல்லர் தண்டு சேரும் தட்டில் எத்தனை துளைகள், அவற்றின் இடைவெளி எவ்வளவு.
4. ஆக்சில் முனையில் உள்ள வரிப்பற்களின் எண்ணிக்கை, ஆக்சிலின் நீளம்.
5. டிபரன்சியல் கூட்டைப் பிடிக்கும் போல்ட்டுகளின் எண்ணிக்கை.
6. முழு ஆக்சிலாக வாங்குவதானால், இரு பக்கப் பட்டை ஸ்பிரிங்குகள் உட்காரும் இடங்களின் இடைவெளி.

துளைகளின் மேல் தாளை வைத்து விரலால் அழுத்தித் தேய்த்தால் அச்சு விழும். அந்தத் தாளைக் கையோடு கொண்டு செல்லுங்கள். முடிந்தால் பழைய டிபரன்சியலையே எடுத்துச் சென்று பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது.

கடையில் பினியனைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சொரசொரப்பும் தடக்கும் இன்றிச் சுழல வேண்டும். கிரௌனை ஒரு முழுச் சுற்று சுழற்றி ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். பல்லில் குழி விழுந்திருந்தாலும், முனை சிதைந்திருந்தாலும், உலோகம் நீலம் பாய்ந்திருந்தாலும் வேண்டாம் என்று விட்டுவிடவும். உள்ளே மிச்சமிருக்கும் ஆயிலில் விரலை விட்டுப் பாருங்கள். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்தது. மினுமினுத்தால் இரும்புத் தூள் கலந்தது. புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம்.

எந்தப் பதிவு எண் வண்டியிலிருந்து எடுத்தது என்று குறித்து ரசீது கேட்டு வாங்குங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்குவது குற்றமாகும். பல் விகிதம் மாறுபட்டால் திருப்பி எடுத்துக்கொள்வதாகவும் அந்த ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

பொருத்தும்போது

கிரௌனுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள ஆட்டம் பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஓரிரு பங்கு அளவே இருக்க வேண்டும். சரியான அளவு வண்டியின் பட்டறைக் கையேட்டில் இருக்கும். இதைக் கையால் ஆட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். பற்களில் சாயம் பூசிச் சுழற்றினால், ஒன்றின் மேல் ஒன்று படியும் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். விளிம்பில் விழுந்தால் தகட்டு வாஷர்களை மாற்றித் திரும்பவும் பார்க்க வேண்டும். இந்த வேலைக்கு அரை நாள் கூடுதலாக ஆனாலும் மெக்கானிக்கை அவசரப்படுத்தாதீர்கள். ஆயில் சீல்களைப் புதிதாகவே போடவும்.

எஞ்சின் ஆயிலை டிபரன்சியலுக்கு ஊற்றக் கூடாது. பிக்கப் வண்டிகளின் கிரௌன் பினியன் பற்கள் பெரும்பாலும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி உராயும் 'ஹைப்பாயிட்' வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு 'ஜி.எல்.5' தரமுள்ள கியர் ஆயில் தேவை. எந்தத் தடிப்பு எண் என்பதை வண்டிக் கையேட்டைப் பார்த்து வாங்கவும். வண்டி சமதரையில் நிற்கும்போது ஊற்றும் துளையின் விளிம்பு வரை ஆயில் நிற்க வேண்டும்.

புதுப் பல் செட் போட்டால், முதல் நாள் 20 அல்லது 25 கிலோமீட்டர் ஓட்டியதும் நிறுத்தி ஆறவிடுங்கள். முதல் 500 கிலோமீட்டர் வரை பாரத்தைக் குறைத்து ஏற்றுங்கள். அதன் பிறகு ஆயிலை மாற்றிவிட்டால், பழகும்போது உதிர்ந்த உலோகத் தூள் வெளியேறிவிடும்.

பழையது ஏன் உடைந்தது?

இந்தக் கேள்விக்கு விடை காணாமல் வேறு டிபரன்சியல் போட்டால் அதுவும் உடையும். நோய்க்காரணம் தெரியாமல் மருந்து தெளிப்பது போன்றதே அது.

நமது வண்டிகள் வயலோரத்தில் நின்று பாரம் ஏற்றுகின்றன. ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கும்போது ஆக்ஸிலேட்டரை முழுவதும் அழுத்துகிறோம். அப்போது ஒரு சக்கரம் நிற்க, மற்றது வெகு வேகமாகச் சுழல்வதால் ஸ்டார் பினியன்கள் சூடேறித் தேய்கின்றன. சுழலும் சக்கரம் திடீரென்று கெட்டித் தரையைக் கவ்வும்போது பல்லோ ஆக்சிலோ முறிகிறது. வழுக்கினால் உடனே காலை எடுத்துவிட்டு, பாரத்தைக் குறைத்து, சக்கரத்தடியில் தென்னை மட்டையோ சரளைக் கல்லோ போட்டு மெதுவாக எடுக்க வேண்டும்.

பின்பக்கம் ஒரு பக்கம் புது டயர், மறு பக்கம் தேய்ந்த டயர் என்று ஓட்டுவதும் கேடு. இரண்டின் சுற்றளவும் வேறு என்பதால், நேரான சாலையில் கூட ஸ்டார் பினியன்கள் ஓயாமல் வேலை செய்கின்றன. டிபரன்சியல் கூட்டின் மேலுள்ள காற்றுத்துளை மண்ணடைத்துப் போனால், உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியே ஆயில் கசிந்து பிரேக் டிரம்முக்குள் போகும். ஓடைத் தண்ணீரில் வண்டியை இறக்கியிருந்தால் அதே வாரத்தில் ஆயிலைச் சோதித்துப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் குறித்துள்ள எடைக்கு மேல் ஏற்றுவது கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

செலவுக் கணக்கு

டிபரன்சியலின் விலை, கூலி, வண்டி நிற்கும் நாட்களுக்கான வாடகை ஆகிய மூன்றையும் கூட்டுங்கள். அந்தத் தொகையை வண்டி இன்றைய நிலையில் விற்றால் கிடைக்கும் விலையோடு ஒப்பிடுங்கள். சரக்கு வண்டிகளுக்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். சேசிஸ் துருப்பிடித்து அடுத்த எப்.சி.க்கே தேறாது என்றால் டிபரன்சியலுக்குப் பணம் போடுவதில் பயனில்லை. 2021இல் வந்த மத்திய அரசு விதிகளின்படி, பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று பெறும் வழியும் உண்டு. எஞ்சினும் சேசிஸும் திடமாக இருந்தால், பழைய வண்டியைச் சரி செய்து ஓட்டுவதே சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகும்.

தொடக்கத்தில் சொன்ன விவசாயி மறுபடி கடை ஏறினார். இம்முறை தாளும் அளவும் கையில் இருந்தன. மூன்றாவது கடையில் 41க்கு 8 பல் உள்ள டிபரன்சியல் கிடைத்தது. பொருத்தும்போது பின் டயர்களைப் பார்த்தோம். ஒன்று புதிது, மற்றது வழவழவென்று தேய்ந்தது. இரண்டையும் ஒரே அளவாக மாற்றிய பிறகே வண்டியை எடுத்தார். இந்த ஆண்டு பீன்ஸ் முழுவதும் அந்த வண்டியில்தான் சந்தைக்குப் போயிற்று.

அறுவடை தொடங்கிய பிறகு வண்டி நின்றால், அவசரத்தில் கிடைத்ததை வாங்க நேரிடும். ஆகவே வேலை குறைந்த நாட்களிலேயே உங்கள் வண்டியின் பல் விகிதத்தைக் கணக்கிட்டு, ஆர்.சி. புத்தகத்தின் உறையிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.